நியாயத்தாரும் வெல்பெயர்க் காசும்

கனடாவின் ஸ்காபரோவில் வேலை எடுக்கத் தெரிந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையை விடத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் மாடியில், எங்களுக்குப் பக்கத்து வீட்டில், எலிவேற்றருக்கு நேர் எதிர்க் கதவில் குடியிருந்தார்.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அந்த அடுக்குமாடியில் அவருடைய உண்மைப் பெயர் கீழே உள்ள கடிதப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் நியாயத்தார். எதைச் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது நியாயமோ?" என்று கேட்பார். ரேடியோவில் மைனஸ் பத்து என்று சொல்லிவிட்டு வெளியே மைனஸ் இருபது அடித்தால் அதற்கும் கேட்பார். குளிர் பதில் சொல்லாது. அவரும் விடமாட்டார்.

எலிவேற்றரில் பன்னிரண்டு பேர் ஏறலாம் என்று ஒரு தகடு அடித்திருந்தார்கள். கட்டி முடித்த நாளிலிருந்து அந்தத் தகட்டை வாசித்த ஒரே மனிதர் நியாயத்தார்தான். பதின்மூன்றாவது ஆள் ஏறினால் மிக மரியாதையாக இறங்கச் சொல்லுவார். பதின்மூன்றாவது ஆள் தானாக இருந்தால் ஒன்பது மாடியும் படியால் ஏறுவார். ஒருநாள் பன்னிரண்டாவது ஆளாக ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினார். நியாயத்தார் அவரையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே இறங்கிக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு வேலை எத்தனை நாள் நிலைக்கும்? ஒரு கடைத் தொகுதியில் காவல் வேலை பார்த்தார். குளிருக்கு ஒதுங்கி வாசலில் நிற்கிறவர்களைக் கலைக்கச் சொன்னார்கள். அவர் அவர்களோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டார். இன்னொரு இடத்தில் மனேஜர் அவருடைய நீளமான பெயரைச் சுருக்கி "சாம்" என்று கூப்பிட்டார். இரண்டு கிழமை பொறுத்தார். மூன்றாம் கிழமை, சாம் என்று ஒருவர் இங்கே வேலை செய்தால் அவருடைய சம்பளத்தை அவரிடமே கொடுங்கள், நான் வேறு ஆள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கடைசியில் மெத்தை செய்கிற ஒரு பக்ரரியில் வேலை கிடைத்தது. அங்கேதான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோசமாக வேலை செய்தார். முடிந்து வருகிற மெத்தையைத் தட்டிப் பார்க்க வேண்டும், தையலை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், நான்கு மூலையும் அமத்திப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். "பரிசோதித்தவர்: 7." அந்த ஏழு நியாயத்தார்தான். மனிதர்களைப் பரிசோதித்து எல்லாரிடமும் பேச்சு வாங்கிய ஒருவருக்கு, பரிசோதித்தால் சம்பளம் தரும் ஓரிடம் கிடைத்தால் எப்படி இருக்கும்! வருசக் கணக்கில் அங்கே இருந்தார். மூத்த மகள் அபி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிறகு இரட்டைப் பெடியன்கள் பிறந்தார்கள். அவருடைய மனைவி பவளமக்கா பார்த்துக்கொண்டிருந்த துப்புரவு வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு வீட்டில் நின்றார். கட்டடத்தில் எல்லாரும், மனிசன் திருந்திவிட்டார் என்று பேசிக்கொண்டோம்.

ஒரு மாசி மாதம், வெளியில் பனி குவிந்து கிடந்த ஒரு காலைநேரம், நான் குப்பை போடக் கதவைத் திறந்தேன். நியாயத்தார் எலிவேற்றரை விட்டு இறங்கி வருகிறார். கையில் சாப்பாட்டுப் பை. பவளமக்கா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவர் பையைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தே திறக்காத சாப்பாடு என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"விட்டிட்டியளோ?"

"ஓம்."

"சாப்பாட்டை அங்க சாப்பிட்டிட்டு விட்டிருக்கலாமே," என்றார் பவளமக்கா. அதற்குப் பிறகு பவளமக்கா புருசனோடு நேரடியாகக் கதைக்கவில்லை. தேவையானதை அபியிடம் சொல்லுவார், அபி தகப்பனிடம் சொல்லுவாள். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் இருப்பார்கள்.

நடந்தது இதுதான். பக்ரரிக்குப் பெரிய ஓடர் ஒன்று வந்திருக்கிறது. மெத்தைகள் மலைபோலக் குவிந்துவிட்டன. சுப்பர்வைசர் வந்து, இனித் தட்டித் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை, ஸ்ரிக்கரை மட்டும் ஒட்டி அனுப்பு என்றிருக்கிறார். நியாயத்தார், பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படி ஒட்டுவது என்று கேட்டிருக்கிறார். சுப்பர்வைசர் அதற்கு, கையால் ஒட்டுவது என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். நியாயத்தார் ஸ்ரிக்கர் சுருளை மேசையில் வைத்துவிட்டு மேலங்கியைப் போட்டுக்கொண்டார். யாரும் அவரை நிற்பாட்டவில்லை. ஒருவரும் போகச் சொல்லவும் இல்லை.

அந்தக் கடைசி விசயம்தான் பிறகு வினையாக வந்தது. இந்த நாட்டில் வேலையால் நிற்பாட்டினால் அரசாங்கம் கொஞ்சக் காலம் காசு தரும். தானாக விட்டால், தகுந்த காரணம் இல்லாவிட்டால், தராது. நியாயத்தார் விண்ணப்பித்தார், தானாகத்தான் விட்டேன் என்று தெளிவாக எழுதினார், மறுத்துவிட்டார்கள். அபி கடிதத்தை வாசித்துச் சொன்னபோது அவர் தலையாட்டினார். "அவை சொல்லுறது நியாயம்தான். ஆரும் என்னை நிப்பாட்டேல்லைதானே."

பவளமக்கா அபியிடம், உன்ர அப்பாவிட்டைக் கேள், வாடகைக்காரனும் நியாயத்தை வாங்கிக்கொண்டு போவானோ எண்டு, என்றார்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை தேடிப் போனார். ஆனால் போகிற இடமெல்லாம் முந்திய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள், கையைக் கொடுத்தார்கள், பிறகு கூப்பிடவில்லை. பனி உருகத் தொடங்கியபோது சேமிப்பும் உருகி முடிந்துவிட்டது. வாடகை பிந்தியது. கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்ரென்டன் ஒருநாள் கதவின் கீழால், வாடகை கட்டாவிட்டால் எழும்பச் சொல்லி ஒரு நோட்டீஸைத் தள்ளிவிட்டுப் போனார். அந்தக் கிழமை பெடியன்களுக்குப் பாலில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது என்று என் மனைவி வந்து சொன்னாள். அடுத்த நாள் நான் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பவளமக்கா வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

இனி வெல்பெயர்தான், வழியில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் தருகிற உதவிக் காசுதான் என்று முடிவெடுத்தது பவளமக்கா. நியாயத்தார் முதலில் முரண்டு பிடித்தார். நான் விட்ட வேலைக்கு ஊர்ச்சனம் ஏன் காசு கட்ட வேண்டும் என்று கேட்டார். பவளமக்கா முதல்முறையாக அபியை விலக்கிவிட்டு நேரே சொன்னார்: "வேலையை விட்டது நீங்கள். பசிக்கிறது பிள்ளையளுக்கு. அதுகள் என்னத்தை விட்டதுகள்?"

நியாயத்தார் பிள்ளைகளைப் பார்த்தார். ஓம் என்றார்.

விசயம் கட்டடம் முழுக்கப் பரவி, கீழே உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் ஒரு மந்திராலோசனை நடந்தது. தலைமை தாங்கியவர் நான்காம் மாடிக் காப்புறுதி ஏஜென்ற் குலம். கனடாவில் எந்தக் கதவுக்கும் தன்னிடம் ஒரு திறப்பு இருக்கிறது என்று நம்புகிறவர். தானாக விட்டேன் என்று சொன்னால் வெட்டுவார்கள், அதனால் நாரிநோ, இடுப்பு பிடிச்சிட்டுது என்று சொல்லுங்கோ, மெத்தை தூக்கித் தூக்கி வந்தது, டொக்ரரிடம் ஒரு மருத்துவத் துண்டு எடுக்கலாம் என்றார்.

"எனக்கு நாரி நோகேல்லையே."

"சரி, அப்ப சுப்பர்வைசர் அடிக்க வந்தவன் எண்டு சொல்லுங்கோ."

"அவன் நல்ல பெடியன். நான் வெளிக்கிடேக்கை கதவைத் திறந்துவிட்டவன்."

குலம் பெருமூச்சு விட்டார். கடைசி வழியாக, புருசனும் பெண்சாதியும் பேப்பரில் மட்டும் பிரிந்தால் பவளமக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகக் காசு வரும், ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். நியாயத்தாரின் முகம் சிவந்தது. பவளமக்கா உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டார்: "பேப்பரில மட்டுமோ? இல்லாட்டி உண்மையாவும் செய்யலாமோ?"

 நியாயத்தார்தான் முதலில் சிரித்தார்.

வெல்பெயர் கந்தோருக்கு நானும் போனேன். மொழிபெயர்ப்பாளன் என்று பெயர். உண்மையில் நியாயத்தாருக்கு இங்கிலிஷ் நன்றாக விளங்கும், ஓரளவு கதைக்கவும் வரும். என்னைக் கூட்டிப்போகச் சொன்னது பவளமக்கா. "உவருக்கு இங்கிலிஷ் தெரியும் தம்பி. வாயை மூடத்தான் தெரியாது. நீர் பக்கத்தில இருந்து கொஞ்சம் பாத்துக்கொள்ளும்," என்றார். அதாவது உண்மை தேவைக்கு மேல் வெளியே போகாமல் நான் அணை கட்ட வேண்டும்.

அதிகாரி கறுப்பினப் பெண்மணி, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்றைக்கு எத்தனை பேருடைய கதை கேட்டிருந்தாரோ, கண் களைத்திருந்தது. ஆனால் குரல் அன்பாக இருந்தது. முதலில் சொத்து விபரம் கேட்டார். நியாயத்தார் கேட்டதற்கெல்லாம் சொன்னார். கேட்காததற்கும் சொன்னார். பவளமக்காவின் தாலிக்கொடி, அபி பிறந்தநாளுக்கு யாரோ போட்ட காப்பு, பல்கனியில் நிற்கிற சைக்கிள். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று என்னைக் காட்டி, இவர் போன மாதம் எங்களுக்கு ஓர் அரிசி மூட்டை தந்தவர், அதையும் எழுத வேண்டுமோ என்று கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஏதோ குற்றம் செய்தவன்போல நிலத்தைப் பார்த்தேன். அரிசி தேவையில்லை என்றார் அவர்.

அடுத்தது அந்தக் கேள்வி. வேலை எப்படி முடிந்தது?

நியாயத்தார் மெத்தையிலிருந்து தொடங்கினார். நீளமாக, தமிழில், தையல், மூலை, சுருள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலை செய்யும் முறை பற்றி மேலிடத்தோடு இவருக்குக் கருத்து வேறுபாடு, அதனால் வேலை முடிந்துபோனது என்று இங்கிலிஷில் சொன்னேன்.

"தம்பி," என்றார் நியாயத்தார். "வேலை தானா முடியேல்லை. நான்தான் விட்டனான். சரியாச் சொல்லும்."

அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நேரே உங்களிடமே கேட்கிறேன் என்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தோடு என் மொழிபெயர்ப்பு உத்தியோகம் போயிற்று என்று நினைத்தேன்.

ஐ குவிற், என்றார் நியாயத்தார். ஸ்ரிக்கர் கதையைத் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, வீட்டில் மூன்று பிள்ளைகள், அது ஒரு சின்ன ஸ்ரிக்கர்தானே, ஒட்டிவிட்டு வேறு வேலை கிடைத்த பிறகு விட்டிருக்கலாமே என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

 இதற்கு நியாயத்தார் தமிழில்தான் சொன்னார், என்னைப் பார்த்து. "மனிசியும் அதைத்தான் கேட்டவ. எனக்கு மறுமொழி தெரியேல்லை. ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

அதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அதிகாரி பவளமக்காவிடம் திரும்பி, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். நான் பயந்தேன். மாசியிலிருந்து அடக்கிவைத்த கோபம் எல்லாம் அந்த மேசையில் கொட்டப் போகிறது என்று நினைத்தேன். பவளமக்கா மடியில் நித்திரையாகிவிட்ட பெடியனைச் சரிசெய்துகொண்டு இங்கிலிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். என் புருசன் விசர் மனிசன். வேலையை விட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் படுத்திருக்கிற மெத்தையைத் தூக்கி, தான் ஒட்டின ஸ்ரிக்கர் சரியா என்று திரும்பவும் பார்த்தவர். எனக்குச் சரியான கோபம். ஆனால் இவர் உங்களுக்குச் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. கலியாணம் கட்டின நாள்முதல் எனக்கும் சொன்னதில்லை. கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

அதிகாரி சிரித்தேவிட்டார். பிறகு கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, அது எந்தக் கம்பனி மெத்தை என்று கேட்டார். தானும் அண்மையில் ஒன்று வாங்கினாராம்.

நியாயத்தார் மிகவும் கவனமாகக் கேட்டார்: "மாசிக்கு முன்னமோ, பிறகோ?"

தீர்ப்பு சில நாட்களில் வந்தது. பவளமக்காவுக்கும் பிள்ளைகளுக்குமான பங்கு வரும். தானாக வேலையை விட்டபடியால் நியாயத்தாரின் பங்கு கொஞ்சக் காலத்துக்கு வெட்டு. மேல்முறையீடு செய்யலாம் என்று குலம் ஓடிவந்தார். தேவையில்லை, அந்தப் பெண்பிள்ளை சரியாகத்தான் செய்திருக்கிறா என்று சொல்லிவிட்டார் நியாயத்தார்.

நாங்களும் கதை முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த கிழமை பவளமக்கா என் மனைவியிடம் அழுதுகொண்டு வந்தார். மனிசன் வீட்டில் சாப்பிடுவதில்லை. காசு வந்தது மனிசிக்கும் பிள்ளைகளுக்கும், அந்த அரிசியில் தன் பங்கு இல்லை என்கிறார். பின்னேரங்களில் கோயிலுக்குப் போய் அன்னதானப் பாத்திரங்களைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு அங்கே ஒருநேரம் சாப்பிடுகிறார். வீட்டில் பச்சைத் தண்ணீர் மட்டும். தேத்தண்ணிகூட இல்லை, ஏனென்றால் சீனியும் அந்தக் காசுதான்.

பேசிப் பார்ப்போம் என்று நானும் மனைவியும் போனோம். சாப்பாட்டு நேரம். மேசையில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். நியாயத்தார் தண்ணீர்க் கிளாசோடு, விருந்தாளிபோல ஓரமாக இருக்கிறார். மெலிந்திருந்தார். நான் வாயைத் திறக்க முன்னமே பவளமக்கா ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் கீரைக்கறியும் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

"இது என்ர பங்கு," என்றார். "எனக்கெண்டு தந்தது. நான் அதை ஆருக்கும் குடுப்பன். அரைவாசியை உங்களுக்குத் தாறன். உதுக்கு மட்டும் நியாயம் கேக்காதையுங்கோ."

நியாயத்தார் கோப்பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவர் ஏதோ சட்டம் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. கிடைக்கவில்லை. பெடியன்களில் ஒருவன், மூத்தவனோ இளையவனோ, தன் கோப்பையிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி அவர் கோப்பையில் போட்டான். உடனே மற்றவனும் போட்டான். நியாயத்தார் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டோம்.

கோடையில் அவருக்கு வேலை கிடைத்தது. கட்டடங்களில் சுவரில் தொங்குகிற தீயணைப்புச் சிலிண்டர்களைச் சோதித்துச் சான்றுத் துண்டு கட்டுகிற ஒரு சின்னக் கம்பனி. வெல்பெயர்க்காரர் அனுப்பிய வேலை தேடும் வகுப்பில் அறிமுகமான ஒருவர் சேர்த்துவிட்டது. முதலாளி இவரிடமும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டாராம். இவரும் அதே பதிலைச் சொன்னாராம். நாளைக்கே வரச் சொல்லிவிட்டார். வேலை உறுதியான அதே மணித்தியாலம் நியாயத்தார் வெல்பெயர் கந்தோருக்கு ஸ்பீக்கரில் போன் எடுத்துக் காசை நிற்பாட்டச் சொன்னார். முதல் சம்பளம் வரும்வரை பொறுங்கள், அதுதான் முறை என்று அந்த அதிகாரி எவ்வளவோ சொன்னார். அரசாங்கம் காசு தருகிறேன் என்று மன்றாடியதையும், ஒரு தமிழன் வேண்டாமென்று வாதாடியதையும் சுவரூடாகக் கேட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் பவளமக்கா போனைப் பறித்து, தாங்க் யூ மேடம், என்று சொல்லி வைத்தார்.

அந்த வேலையை அவர் இன்னும் விடவில்லை. விடுகிற அளவுக்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையாம்.

நானும் மனைவியும் மகளும் பிறகு தூரத்தில் இருக்கிற விட்பியில் புதுவீடு வாங்கிக்கொண்டு போனோம். குடிபூரலுக்குக் கட்டடத்தில் பாதிப்பேர் வந்தார்கள். சமையலறையைப் பார்த்து அதிசயித்தார்கள், மாபிள் கல்லைத் தடவினார்கள், விலையை ஊகித்தார்கள். குலம், இந்த வீடு இரண்டு வருசத்தில் இரட்டிக்கும் என்று சத்தியம் செய்தார். நியாயத்தார் மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"நல்ல வீடு தம்பி. ஆனா உங்கள் ரெண்டு பேருக்கும் பெரிசு. பிள்ளை படிக்கப் போனாப்பிறகு தனிச்சுப் போவியள்."

புதுவீட்டில் சொல்லுகிற கதையா இது! என் மனைவிக்குச் சரியான கோபம். கொஞ்ச நாளில் மகள் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போனாள். சொந்தக்காரருக்குத் தூரம், சிநேகிதருக்கு வேலை. ஒன்றிரண்டு கிழமையில் அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்கத் தொடங்கியது.

அன்றைக்கு வந்து வீட்டைப் புகழ்ந்தவர்கள் பிறகு வரவில்லை. நியாயத்தாரும் பவளமக்காவும் பெடியன்களை இழுத்துக்கொண்டு, ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் மாறி, மாதத்தில் ஒரு ஞாயிறு வந்துவிடுகிறார்கள். அந்த ஞாயிறுகளில் காலையிலேயே நான் ஜன்னலடியில் போய் இருந்துவிடுகிறேன்.